ஒரேயடியாகப் புகைபிடிப்பதை விடுதல்: இளம் வயதினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினெட்டு வயதில் சிகரெட் பிடிக்கத் தொடங்கி இருபத்தைந்து வயதில் நிறுத்தியவன் நான். இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை ஒரே நாளில் விட்டேன். அதன் பிறகு விட நினைக்கும் இளைஞர்கள் பலருடன் பேசியிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும், எனக்குத் தெரிந்த அளவில் அவற்றுக்கான விடைகளும் இங்கே உள்ளன. இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அல்ல. மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டிய இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

ஒரேயடியாக நிறுத்துவது என்றால் என்ன?

ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அந்த நாளுக்குப் பிறகு ஓர் இழுப்புகூட இழுக்காமல் இருப்பதுதான். எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைப்பதும், தோல்வழியே நிகோட்டினைத் தரும் பட்டையை ஒட்டிக்கொள்வதும், நிகோட்டின் சூயிங்கம் மெல்லுவதும், மின் சிகரெட்டுக்கு மாறுவதும் இதில் சேரா. ஆங்கிலத்தில் ‘கோல்ட் டர்க்கி’ என்று இதைத்தான் சொல்கிறார்கள். பட்டை ஒட்டிக்கொண்டு ஒரே நாளில் சிகரெட்டை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆய்வுகளில் ‘உடனடி நிறுத்தம்’ என்ற சொல் பெரும்பாலும் அவர்களையும் சேர்த்தே குறிப்பதால், எங்கேனும் வெற்றிக் கணக்கைப் படிக்கும்போது எந்தப் பொருளில் சொல்லப்படுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது எளிதல்லவா?

கேட்பதற்கு அப்படித்தான் தோன்றும். இங்கிலாந்தில் 697 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. ஒரு குழுவினர் குறித்த நாளில் அப்படியே நிறுத்தினார்கள். மற்றவர்கள் இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 49 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினரும் புகைக்காமல் இருந்தார்கள். ஆறு மாதத்தில் அது முறையே 22 ஆகவும் 15.5 ஆகவும் இறங்கியது. இரு குழுவினருக்கும் நிகோட்டின் மாற்று மருந்தும் ஆலோசனையும் தரப்பட்டன என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும், படிப்படியாக விடுவதே மென்மையான வழி என்று நாம் வைத்திருக்கும் எண்ணத்தை இந்தக் கணக்கு அசைத்துப் பார்க்கிறது.

இதன் காரணத்தை என் முதல் தோல்வியில் நேரடியாகக் கண்டேன். நாளொன்றுக்குப் பன்னிரண்டிலிருந்து ஐந்தாகக் குறைத்தேன். அந்த ஐந்தையும் எப்போது பிடிப்பது என்ற கணக்கிலேயே பகல் முழுவதும் போயிற்று. மீதியிருந்த ஒவ்வொன்றும் முன்னைவிட அருமையானதாகிவிட்டது. முன்பெல்லாம் பாதியில் நசுக்கி எறிந்தவன், இப்போது பஞ்சு சுடும்வரை ஆழமாக இழுத்தேன். எண்ணிக்கையைக் குறைப்பவர்கள் தம்மை அறியாமலே ஒவ்வொரு சிகரெட்டையும் இன்னும் அழுத்தமாக இழுத்து நிகோட்டினை ஈடுகட்டிக்கொள்வார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது.

எந்த உதவியும் இல்லாமல் விடுபவர்களில் எத்தனை பேர் வெல்கிறார்கள்?

மருந்தோ ஆலோசனையோ இல்லாமல் செய்யும் ஒரு முயற்சியில், ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை புகைக்காமல் நிற்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இதைப் படித்து மனம் தளர வேண்டியதில்லை. இது ஒரு தனி முயற்சிக்கான கணக்கு. ஒரு மனிதரின் வாழ்நாள் கணக்கு அல்ல. புகையை விட்டவர்களில் மிகப் பலர், பல முறை முயன்று, கடைசியில் உதவி ஏதும் இன்றியே விட்டவர்கள்.

ஆயினும், நிகோட்டின் பட்டையும் சூயிங்கமும் வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன என்பதும், மருத்துவர் எழுதித் தரும் வாரெனிக்கிளின் போன்ற மாத்திரைகள் அதைவிடக் கூடுதலாக உதவுகின்றன என்பதும் நன்கு நிறுவப்பட்டவை. மருந்தின் துணையோடு விட்டால் அது ‘உண்மையான’ வெற்றி அல்ல என்று இளைஞர்களிடையே ஒரு வீறாப்பு இருக்கிறது. என் கருத்தில் அது வெறும் வீம்பு. மூன்று முறை ஒரேயடியாக முயன்று தோற்றவர் நான்காவது முறை மருத்துவரிடம் போவதில் எந்த இழுக்கும் இல்லை.

எனக்கு இந்த முறை ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கிறீர்கள் என்பதைவிட, காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள் என்ற கேள்வி அதிகம் சொல்லும். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் உடல் நிகோட்டினை மிகவும் சார்ந்திருக்கிறது என்று பொருள். அரை மணி நேரத்துக்குள் என்றாலும் சார்பு கணிசமானதே. அப்படிப்பட்டவர்கள் ஒரேயடியாக விடக் கூடாது என்பதில்லை; ஆனால், துணை மருந்து கைவசம் இருப்பது நல்லது. மதியம்வரை நினைப்பே வராதவருக்கு உடல் தரும் தொல்லை குறைவாக இருக்கும்; பழக்கத்தின் தொல்லைதான் மிகுதியாக இருக்கும்.

மனநலத்துக்காகவோ ஆஸ்துமாவுக்காகவோ மருந்து எடுப்பவர்கள் நாள் குறிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். புகையில் உள்ள தார்ப் பொருள்கள் குளோசாபின், ஓலான்சாபின், தியோபிலின் முதலிய சில மருந்துகளைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கும்படி தூண்டுகின்றன. புகை நின்றதும் அதே அளவு மாத்திரை இரத்தத்தில் கூடுதலாகத் தங்கும் என்பதால், அளவை மாற்ற வேண்டி வரலாம்.

முதல் மூன்று நாளில் உடலுக்குள் என்ன நடக்கிறது?

இழுத்த புகையில் உள்ள நிகோட்டின் பத்து இருபது விநாடிக்குள் மூளையைத் தொட்டுவிடுகிறது. அங்கே அசெட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை வாங்கிக்கொள்ள நரம்பணுக்களில் உள்ள ஏற்பிகளில் அது போய் ஒட்டிக்கொள்ள, இன்ப உணர்வைத் தூண்டும் டோபமைன் சுரக்கிறது. ஒவ்வொரு நாளும் பலமுறை இது நடப்பதால் மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் உள்ள நிகோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. அதனால்தான் நிறுத்திய அன்றே, சில மணி நேரத்தில், ஏதோ ஒன்று குறைகிறது என்ற உணர்வு தலைகாட்டுகிறது. கூடுதலாக வளர்ந்த ஏற்பிகள் அனைத்தும் வாயைத் திறந்துகொண்டு வெறுமனே காத்திருக்கும் நிலை அது.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உச்சம். எரிச்சல், காரணமில்லாக் கோபம், படபடப்பு, ஒரு பத்தியை நான்கு முறை படித்தாலும் மனத்தில் பதியாமை, தூக்கக் குலைவு, அடங்காப் பசி ஆகியவை வரலாம். சிலருக்கு மலச்சிக்கலும் வாய்ப்புண்ணும் வரும். இவை தொல்லையானவையே தவிர, உயிருக்கு ஆபத்தானவை அல்ல. பல ஆண்டுகள் கடுமையாகக் குடித்தவர் மதுவைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். நிகோட்டினை நிறுத்துவதில் அப்படிப்பட்ட அபாயம் இல்லை. பெரும்பாலான அறிகுறிகள் இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்குகின்றன. ஏற்பிகளின் எண்ணிக்கை புகைக்காதவர்களின் அளவுக்குத் திரும்ப ஆறு முதல் பன்னிரண்டு வாரம்வரை ஆகலாம்.

நன்மைகளும் இதே நாட்களில்தான் தொடங்குகின்றன. இருபது நிமிடத்தில் இதயத் துடிப்பு தணிகிறது. ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் இரத்தத்தை விட்டு நீங்குகிறது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைவதை இளம் வயதினர் சில வாரத்திலேயே உணர்கிறார்கள்.

தவிப்பு வரும் அந்தக் கணத்தில் என்ன செய்வது?

கடிகாரத்தைப் பாருங்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு இரண்டாம் நாள் காலை பத்தேகாலுக்கு வந்த தவிப்பை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். வலது கை தானாகவே சட்டைப் பையைத் தொட்டது. பை காலியாக இருந்தது. கை கீழே இறங்கி, கால்சட்டைப் பையில் லைட்டரைத் தேடியது. அந்தக் கையை வேறொருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து இருபதுக்கு அந்த நெருக்கல் தளர்ந்துவிட்டது. பெரும்பாலான தவிப்புகள் சில நிமிடங்களே நீடிக்கின்றன. புகைத்தால்தான் அது போகும் என்று நாம் நம்பிவந்ததற்குக் காரணம், புகைக்காமல் அதைக் கடைசிவரை இருந்து பார்த்ததே இல்லை என்பதுதான்.

அந்தச் சில நிமிடங்களுக்குக் கைக்கும் வாய்க்கும் வேலை கொடுங்கள்: ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல மெல்லக் குடிக்கலாம், பல் துலக்கலாம், இருக்கும் இடத்தை விட்டு எழுந்து போகலாம். எல்லாவற்றிலும் சிறந்தது விறுவிறுப்பான நடை. சிறிது நேர நடைகூடத் தவிப்பின் வேகத்தைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. இன்னொன்று: ‘இனி வாழ்நாள் முழுவதும் பிடிக்கவே கூடாது’ என்று அந்த நிமிடத்தில் நினைக்காதீர்கள். அந்த நினைப்பே ஆளை வீழ்த்திவிடும்.

காபி, தேநீரையும் விட வேண்டுமா?

விட வேண்டாம், பாதியாகக் குறையுங்கள். முன்சொன்ன தார்ப் பொருள்கள் கஃபீனையும் விரைவாகச் சிதைக்கத் தூண்டுபவை. புகை நின்றதும், வழக்கமாகக் குடிக்கும் அதே காபி உடலில் ஏறத்தாழ இரட்டிப்பு அளவு கஃபீனாகத் தங்கிவிடுகிறது. கைநடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை என்று புகையை விட்டதன் மேல் நாம் போடும் பழியில் ஒரு பங்கு, உண்மையில் காபியின் வேலை.

எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது? என்ன முன்னேற்பாடு வேண்டும்?

தேர்வு வாரமும் வேலையில் சேர்ந்த முதல் வாரமும் வேண்டாம். அதற்காக, வாழ்க்கையில் நெருக்கடியே இல்லாத நாள் வரட்டும் என்று காத்திருந்தால் அலை ஓய்ந்து கடலாடப் போன கதைதான். இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறியுங்கள். மிகக் கடினமான இரண்டாம், மூன்றாம் நாட்கள் விடுமுறையில் விழும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

முந்திய இரவே வீட்டில் உள்ள சாம்பல் கிண்ணம், லைட்டர், பையின் ஓரத்தில் கிடக்கும் நசுங்கிய ஒற்றைச் சிகரெட் அனைத்தையும் அப்புறப்படுத்துங்கள். ‘அவசரத்துக்கு’ என்று ஒரு பாக்கெட்டை ஒளித்துவைப்பது, தோல்விக்கு முன்பதிவு செய்துகொள்வது போன்றது. துணிகளைத் துவைத்துப் போடுங்கள். விட்ட பிறகு மூக்கு கூர்மையாகிவிடும். பழைய மேல்சட்டையில் தங்கியிருக்கும் வாடையே ஒரு தூண்டுதலாகிவிடக்கூடும். கடைசிச் சிகரெட்டை விழா எடுத்துப் புகைக்காதீர்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். நான் அப்படிச் செய்தபோது, அந்தக் காட்சியின் அழகே எனக்குப் பகையாயிற்று.

என் நண்பர்கள் எல்லோரும் புகைப்பவர்கள். அவர்களை விட்டு விலக வேண்டுமா?

இளம் வயதில் விடுவதன் உண்மையான சிக்கல் இதுதான். நடுவயதில் விடுபவருக்கு, அவர் விட்டதைப் பாராட்ட ஒரு குடும்பமும் எச்சரிக்க ஒரு மருத்துவரும் இருப்பார்கள். இருபத்திரண்டு வயதில் விடுபவர் விடுவது சிகரெட்டை மட்டும் அல்ல. இடைவேளையில் வெளியே போய் நிற்கும் அந்த வட்டத்தையும், புதியவரிடம் தீப்பெட்டி கேட்டுப் பேச்சைத் தொடங்கும் எளிய வழியையும் சேர்த்து விடுகிறார். அதை இழப்பாக உணர்வது இயல்பே.

முதல் மூன்று வாரம் மட்டும் அந்த இடத்தைத் தவிருங்கள். நண்பர்களைத் தவிர்க்க வேண்டியதில்லை. சாப்பிடும் இடத்திலோ விளையாடும் இடத்திலோ அவர்களைச் சந்தியுங்கள். நீட்டும்போது ‘விடலாம் என்று பார்க்கிறேன்’ என்று சொல்லாதீர்கள். அது பேரம் பேச அழைப்பு விடுப்பது. ‘நான் பிடிப்பதில்லை’ என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். நெருங்கிய ஒருவரிடம் மட்டும் முழுவதையும் சொல்லி, நானே கெஞ்சினாலும் தராதே என்று கேட்டுக்கொள்ளலாம். மது அருந்தும் வழக்கம் உள்ளவர்கள் முதல் மாதத்தில் அதையும் ஒதுக்கிவைப்பது நல்லது. கட்டுப்பாடு தளர்வதும், சிகரெட்டின் நினைவு வருவதும், அதை நீட்ட ஒருவர் அருகில் இருப்பதும் ஒரே மேசையில் கூடிவிடுகின்றன.

நான் நாளொன்றுக்கு இரண்டோ மூன்றோதான் பிடிக்கிறேன். விட்டே ஆக வேண்டுமா?

நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் இதய நோய் வருவதற்கான கூடுதல் அபாயம், இருபது பிடிப்பவருடைய கூடுதல் அபாயத்தில் ஏறத்தாழப் பாதி என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கட்டுரை காட்டியது. இருபதில் ஒரு பங்காக இருக்கும் என்று நாம் போடும் கணக்கு இதயத்திடம் செல்லுபடியாவதில்லை. இரண்டோடு நிறுத்த முடிகிறவருக்கு அந்த இரண்டையும் விடுவது எளிது என்பது உண்மையானால், இந்த வாரமே செய்து பார்த்துவிடலாம்.

முப்பது வயதுக்குள் விட்டால் போதும் என்கிறார்களே?

இது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். பிரிட்டனில் 1951இல் ரிச்சர்டு டால் முதலானோர் மருத்துவர்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2004இல் வெளிவந்த முடிவின்படி, தொடர்ந்து புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே இறந்தார்கள். அறுபது வயதில் விட்டவர்கள் அதில் மூன்று ஆண்டுகளையும், ஐம்பதில் விட்டவர்கள் ஆறையும், நாற்பதில் விட்டவர்கள் ஒன்பதையும், முப்பதில் விட்டவர்கள் ஏறத்தாழப் பத்தையும் மீட்டுக்கொண்டார்கள்.

நம்பிக்கை தரும் இந்தச் செய்தியைத்தான் சிலர் முப்பதுவரைக்கும் கிடைத்த அனுமதிச் சீட்டாக வாசிக்கிறார்கள். நுரையீரலின் திறன் இருபதுகளின் முற்பகுதியில்தான் தன் உச்சத்தை எட்டுகிறது. அதற்கு முன்பே புகைப்பவர்கள் அந்த உச்சத்தை முழுமையாக எட்டாமலே போகலாம். மூளையோ இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டிருக்கிறது; அப்போது பதியும் அடிமைத்தனம் ஆழமாகப் பதிகிறது. இன்று விட முடியாதவர் எட்டு ஆண்டு கூடுதல் பழக்கத்துடன் எளிதாக விட்டுவிடுவார் என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை.

எடை கூடிவிடுமா?

பலருக்குக் கூடும். முதல் ஓராண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ கூடுகிறது. சிலருக்கு அதைவிடக் கூடுதலாக, சிலருக்குக் குறையவும் செய்கிறது. பசியை அடக்கிவந்த நிகோட்டின் போய்விடுகிறது. நாவின் சுவையும் திரும்புகிறது. முதல் மாதத்திலேயே உணவுக் கட்டுப்பாட்டையும் சேர்த்துத் தொடங்குவது இரண்டையும் கெடுத்துவிடலாம். முதலில் புகை, பிறகு எடை.

மன அழுத்தத்துக்காகத்தான் புகைக்கிறேன். விட்டால் மனம் என்ன ஆகும்?

சிகரெட் பதற்றத்தைத் தணிப்பது போலத் தோன்றுவது உண்மை. ஆனால் அது தணிப்பது, முந்தைய சிகரெட் தீர்ந்ததால் எழுந்த பதற்றத்தைத்தான். இறுக்கமான செருப்பைக் கழற்றும் சுகத்துக்காகவே அதைப் போட்டுக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. முதல் வாரங்களின் எரிச்சல் கடந்த பின், விட்டவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் முன்பு இருந்ததைவிடக் குறைவதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2014இல் காட்டியது. மனநலச் சிக்கல் உள்ளவர்களிடமும் இது காணப்பட்டது. எனினும், சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, தன்னை வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, ‘எல்லாம் நிகோட்டின்தான்’ என்று தள்ளிவைக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

விட்ட பிறகு இருமல் அதிகமாகிவிட்டதே?

சிலருக்கு அப்படி ஆகும். மூச்சுக்குழாயில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் மீண்டும் இயங்கி, தேங்கிய சளியை மேலே தள்ளுகின்றன. சில வாரங்களில் தணியும். சளியில் இரத்தம் தெரிந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

இடையில் ஒன்று பிடித்துவிட்டேன். எல்லாம் வீண்தானா?

இல்லை. அந்த ஒரு சிகரெட்டைவிட, அதைத் தொடர்ந்து வரும் ‘கெட்டது கெட்டாயிற்று, இனி என்ன’ என்ற எண்ணம்தான் ஆளைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகிறது. மீதிப் பாக்கெட்டை அப்போதே நனைத்து எறிந்துவிட்டு, அடுத்த வேளையிலிருந்தே தொடருங்கள். புது நாள் குறிக்க வேண்டியதில்லை.

அதே நேரம், இதை முன்கூட்டியே சலுகையாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் இரண்டு வாரத்தில் ஒரு முறை தடுக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். அதனால்தான் ‘ஓர் இழுப்புகூட இல்லை’ என்ற விதியை இந்த முறையின் முதுகெலும்பு என்கிறார்கள். என் இரண்டாவது முயற்சி நாற்பத்தொன்றாம் நாள் முறிந்தது. துயரமோ நெருக்கடியோ காரணம் அல்ல; ஒரு நண்பனுக்கு வேலை கிடைத்த மகிழ்ச்சி. நன்றாகத்தான் இருக்கிறோம், ஒன்று என்ன செய்துவிடும் என்று தோன்றியது. அடுத்த வெள்ளிக்குள் பன்னிரண்டுக்குத் திரும்பியிருந்தேன். முதல் மூன்று நாளுக்குக் கச்சை கட்டிக்கொண்டு நிற்பவர்கள், ஆறாவது வாரத்தின் ஒரு நல்ல நாளுக்கு ஆயத்தமாக இருப்பதில்லை. எப்படித் தடுக்கினோம் என்று எழுதிவையுங்கள்: இடம், நேரம், அருகில் இருந்தவர், மனநிலை. அடுத்த முறைக்கு உங்களுக்கென்றே எழுதப்பட்ட கையேடு அதுதான்.

மின் சிகரெட்டுக்கு மாறினால் விட்டதாகக் கொள்ளலாமா?

எரியும் புகையிலையை விட்டதாகக் கொள்ளலாம். நிகோட்டினை விட்டதாகக் கொள்ள முடியாது. சிகரெட்டை விட அது சிலருக்கு உதவுகிறது என்பதற்குச் சான்று உண்டு. அதைத் தடைசெய்த நாடுகளும் உண்டு. இளம் வயதில் இரண்டையும் மாறி மாறிப் பிடிக்கும் நிலையில் சிக்கிக்கொள்பவர்கள் பலர். ஒரேயடியாக விடுவது என்று முடிவெடுத்தவருக்கு இது தேவையற்ற சுற்றுவழி.

விட்டுப் பல மாதமாகிறது. புகைப்பது போலக் கனவு வருகிறதே?

விட்டவர்களுக்கு மிகப் பரவலாக வரும் கனவு இது. திரும்பப் பழகிவிடுவோம் என்பதன் அறிகுறி அல்ல. எனக்குக் கடைசியாக வந்தது நான்காம் ஆண்டில். கனவில் யாரோ நீட்ட, மறுக்காமல் வாங்கிப் பற்றவைத்தேன். இத்தனை ஆண்டும் போயிற்றே என்ற பதைப்போடு விழித்து, இருட்டிலேயே விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.